கார் கதவு ஆர்ம்ரெஸ்ட்ல தையல் பிரிஞ்சிருச்சா? ஃபெவிக்விக்கை ஓரமா வைங்க, ஊசியை எடுங்க!

கார்ல ஏறி உட்கார்ந்ததும் டிரைவரோட வலது முழங்கை தானாகவே தேடிப் போற இடம் ஒண்ணு உண்டு. கதவுல, பவர் விண்டோ சுவிட்சை ஒட்டி மெத்துன்னு இருக்கிற அந்தத் திண்டுதான் ஆர்ம்ரெஸ்ட். வாங்கின புதுசுல அதை யாரும் கவனிக்கறதில்லை. தையல்ல ஒரு நூல் அறுந்து, அந்த இடத்துல லேசா வாய் திறந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் ஸ்பாஞ்ச் எட்டிப் பார்க்கும்போதுதான் கண்ணு அங்கே போகும். அப்புறம் சிக்னல்ல நிற்கும்போதெல்லாம் விரல் அதை நோண்டும். அரை இன்ச் ஓட்டை ரெண்டு இன்ச் ஆகும்.

விளாத்திகுளம் பக்கத்துப் புதூர்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். (தமிழ்நாட்டில் ஏகப்பட்ட புதூர் இருக்கு. நாம சொல்றது கோவில்பட்டி, எட்டயபுரம், நாகலாபுரம்னு விரியும் கரிசல் பூமியில இருக்கிற புதூர்.) மானாவாரிக் காடு, தூரத்துக்கு ஒரு வேப்பமரம், மீதியெல்லாம் வெயில். காரை நிழல்ல நிறுத்தணும்னா நிழலை முதல்ல கண்டுபிடிக்கணும். அதிலும் இங்கே ஓடுற கார்கள்ல நிறைய செகண்ட் ஹேண்ட். முந்தைய ஓனரோட முழங்கை ஏற்கெனவே பாதி வேலையை முடிச்சு வெச்சிருக்கும்.

'இதெல்லாம் ஒரு பிரச்னையா'ன்னு கேட்கலாம். காரை விற்கும்போது தெரியும். வாங்க வர்றவர் இன்ஜினைப் பார்க்கறதுக்கு முன்னாடி கதவைத்தான் திறக்கிறார். திறந்ததும் கண்ணுல படுறது இந்தக் கிழிசல். அங்கேயே ஒரு தொகையை மனசுக்குள்ள கழிச்சிடுவார். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுறவங்களுக்கோ அது தினசரிப் பிரச்னை. பின்சீட்ல உட்கார்ற கஸ்டமரோட கை நேரா அதுமேலதான் போகும். கம்பெனியில மாற்றக் கேட்டா ஆர்ம்ரெஸ்ட்டை மட்டும் தர மாட்டாங்க, முழு டோர் பேடையும் மாத்தணும்னு சொல்ற மாடல்களும் உண்டு. அறுந்தது என்னவோ நூல் மட்டும்தான்.

போனது நூலா, ரெக்சினா?

ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி மொபைல் டார்ச்சைப் போட்டு நல்லா பாருங்க. நீங்க அடுத்து செய்யப்போற எல்லாமே இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துதான்.

ஆர்ம்ரெஸ்ட்ல பொதுவா ரெண்டு வகைத் தையல் இருக்கும். ஒண்ணு, ரெண்டு துண்டு ரெக்சினைச் சேர்த்துப் பிடிக்கிற உள்தையல். அது வெளியே தெரியாது. இன்னொண்ணு, அந்த மூட்டுக்குப் பக்கத்துல ஒரு வரியாவோ ரெண்டு வரியாவோ அழகுக்கு ஓட்டியிருக்கிற மேல்தையல். மேல்தையல் மட்டும் அறுந்து நூல் நுனி தொங்கினா, மூட்டு இன்னும் உறுதியா இருக்குன்னு அர்த்தம். பதற வேண்டாம். ரெண்டு துண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்து ஸ்பாஞ்ச் தெரிஞ்சா, உள்தையல் போயிருச்சு. அது நாளுக்கு நாள் நீளும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, ஏமாத்து வேலை! விலை குறைந்த மாடல்கள் பலதுல தையல் மாதிரி தெரியறது தையலே கிடையாது. பிளாஸ்டிக்கை அச்சுல வார்க்கும்போதே தையல் வடிவத்தையும் சேர்த்து வார்த்திருப்பாங்க. நகத்தால நெருடிப் பாருங்க. நூல் தனியா அசைஞ்சா நிஜத் தையல். அசையாம பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக்கா இருந்தா, அங்கே ஊசிக்கு வேலையில்லை.

இப்போ முக்கியமான சோதனை. பிளவோட ரெண்டு ஓரத்துலயும் பழைய ஊசி ஓட்டைகள் வரிசையா இருக்கும். அவை ஒவ்வொண்ணும் தனித்தனியா, முழுசா, வட்டமா இருக்கா? அப்படின்னா போனது நூல் மட்டும்தான், வீட்டிலேயே சரிசெய்யலாம். ஓட்டைகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, தபால்தலையைக் கிழிச்ச ஓரம் மாதிரி பல்லு பல்லா இருந்தா போனது ரெக்சின். புது நூல் போட்டாலும் பிடிக்க அங்கே சதை இல்லை. அதுக்கு வேற வைத்தியம். கடைசியில வர்றேன்.

வெயில் என்ன பண்ணுது?

2018-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. கொளுத்தும் கோடையில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை அளந்து பார்த்தார்கள். உள்ளே இருந்த காற்றின் சராசரி வெப்பம் சுமார் 47 டிகிரி செல்சியஸ். ஸ்டீயரிங் 53 டிகிரி, சீட் 51 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி! பாலைவனத்து ஊர்தான் அது. ஆனா சித்திரை மாசம் கரிசல் காட்டில் நிறுத்தின காருக்குள்ள கைவெச்சுப் பார்த்தவங்களுக்கு இந்த எண்கள் ஆச்சர்யமா இருக்காது.

ரெக்சின்னு நாம சொல்றது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக் பூசின துணி. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதுல எண்ணெய் மாதிரியான ஒரு ரசாயனத்தைக் கலந்துதான் வளையற மாதிரி மென்மையாக்குறாங்க. சூடு ஏற ஏற அந்த ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி வெளியேறும். கார் கண்ணாடியோட உள்பக்கத்துல துடைக்கத் துடைக்க வர்ற அந்த மங்கலான எண்ணெய்ப் படலத்துக்கு இதுவும் ஒரு காரணம். மென்மை போன ரெக்சின் விறைக்கும், சுருங்கும். சுருங்கும்போது ரெண்டு துண்டும் ஆளுக்கொரு பக்கமா மூட்டை இழுக்கும். நடுவுல மாட்டிக்கிட்டிருக்கிறது நூல். அதுவும் வெயில்ல காய்ஞ்சு, வியர்வையில நனைஞ்சு, பலம் இழந்த நூல்.

அது போதாதுன்னு நம்ம பழக்கம் ஒண்ணு இருக்கு. கதவை மூட கைப்பிடியைப் பிடிக்காம, ஆர்ம்ரெஸ்ட்டோட விளிம்பையே பிடிச்சு இழுக்கிறது. அந்த இழுவை முழுசும் மூட்டுமேல விழும்.

மெஷின் தையலோட இயல்பும் இதுல சேர்ந்துக்கும். மெஷின் ரெண்டு நூலால தைக்குது. மேல ஒண்ணு, கீழே பாபின்ல இருந்து ஒண்ணு. ரெண்டும் ரெக்சினோட நடுவுல ஒண்ணையொண்ணு கொக்கி மாதிரி கோத்துக்கும். ஒரு நூல் ஓரிடத்துல அறுந்தா, பக்கத்துக் கொக்கியும் நெகிழும். ஓர் இடத்துல அறுந்தது ஒரு சாண் நீளத்துக்குப் பிரியறது இப்படித்தான். அதனால இன்னைக்கு தைக்க நேரமில்லைன்னாலும், தொங்குற நூலை வெட்டவோ இழுக்கவோ செய்யாதீங்க. பெயின்டர்கள் ஒட்டுற பேப்பர் டேப்பை குறுக்கா ஒட்டி வைங்க. பிளவு அங்கேயே நிற்கும்.

ஃபெவிக்விக் ஏன் வேண்டாம்?

பிளவைப் பார்த்ததும் பத்துல எட்டுப் பேர் கை அதைத்தான் தேடும். இன்ஸ்டன்ட் பசை காய்ஞ்சா கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும். ஆர்ம்ரெஸ்ட்டோ முழங்கை வைக்கிறப்பல்லாம் அமுங்கி எழும்பற இடம். விறைச்ச பசை ரெண்டு நாள்ல விரிசல் விடும், சுத்தி வெள்ளையா பூத்துக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், பசை அந்தப் பழைய ஊசி ஓட்டைகளை அடைச்சிடும். அப்புறம் தெரிஞ்ச தையல்காரர்கிட்ட கொண்டுபோனாலும் ஊசி இறங்காது. ஓட்டை போட்டுத் தைச்சா ரெக்சின் கிழியும். மூணு நிமிஷ வேலையில, சரிசெய்யக்கூடிய ஒண்ணை சரிசெய்ய முடியாததா ஆக்கிடறோம்.

பருத்தி ஊர்ல பருத்தி நூல் வேண்டாம்

இதைச் சொல்லும்போது கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. கரிசல் மண்ணுன்னாலே பருத்தி. கருங்கண்ணிப் பருத்தி விளைஞ்ச பூமி இது. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பருத்தியை நூலாக்கத்தான் தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனம் கோரல் மில்லை நடத்தியது. 1908-ல் வ.உ.சி. துணை நின்ற தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த அதே மில். ஹார்வி மில்களின் வழியில் வந்ததுதான் 1974-ல் உருவான மதுரா கோட்ஸ். சட்டை பட்டன் தைக்கிற நூல் வரைக்கும் நமக்கு இந்த ஊர்களோட ஒரு தொடர்பு இருக்கு.

ஆனாலும் கார் கதவுக்குப் பருத்தி நூல் ஆகாது. வெயில் பட்டா பலம் குறையும், வியர்வையை உறிஞ்சும், ஈரம் தங்கினா மக்கும். இங்கே வேண்டியது பாலியஸ்டர் நூல். சோபா, சீட் கவர், பேக் தைக்கிறவங்க பயன்படுத்துற தடிமனான நூல். அதுலயும் இழைகள் பிரியாம இருக்க மேலே ஒரு பூச்சு கொடுத்த 'பாண்டட்' நூல் கிடைச்சா ரொம்ப நல்லது. நைலானும் பலமானதுதான், இழுத்தா நல்லா தாங்கும். ஆனா தொடர்ந்து வெயில் படுற இடத்துல நைலானைவிட பாலியஸ்டர் அதிக நாள் உழைக்கும். கண்ணாடி ஓரமாவே இருக்கிற கதவுக்கு எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

நூல் தடிமனை 'டெக்ஸ்'னு ஒரு கணக்குல சொல்வாங்க. 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெக்ஸ். 70 கிராம் இருந்தா டெக்ஸ் 70. மூட்டைச் சேர்க்க டெக்ஸ் 70-லிருந்து 90 வரை போதும். தடிமனா, எடுப்பா தெரியற மேல்தையலுக்கு டெக்ஸ் 135 வரை போகலாம். கடையில இதெல்லாம் புரியலைன்னா, அறுந்த பழைய நூல்ல ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, 'இதே தடிமன், இதே கலர்'னு கேளுங்க. அதுதான் சுலபம். கலர் விஷயத்துல ஒரு டிப்ஸ்: பழைய நூல் வெளுத்திருக்கும். அதனால மூட்டுக்கு உள்ளே ஒளிஞ்சிருந்த பகுதியோட கலரைப் பார்க்காதீங்க, வெளியே தெரியற பகுதியோட கலரைப் பார்த்து வாங்குங்க. மீன்பிடி தங்கூஸ் நரம்பு மட்டும் வேண்டாம். வழுக்கும், முடிச்சு நிற்காது, ரெக்சினை பிளேடு மாதிரி அறுக்கும்.

ஊசி, பாதி நிலா மாதிரி வளைஞ்சது வேணும். சீட் கவர் தைக்கிறவங்களுக்கு சாமான் விற்கிற கடையில கிடைக்கும், ஆன்லைன்லயும் இருக்கு. வீட்ல கிடக்கிற கோணி ஊசி ஞாபகம் வரும். மிளகாய் மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் அது ராஜா. இங்கே அது ஓட்டையைப் பெருசாக்கிடும். நுனி மொட்டையா, உருண்டையா இருக்கிற ஊசிதான் நல்லது. பழைய ஓட்டை வழியாவே நுழையும், புதுசா குத்தாது. தோல் தைக்கிற முக்கோண நுனி ஊசி வெட்டிக்கிட்டே போகும், அதைத் தவிர்த்திடுங்க.

ஏணித் தையல்

காரை ஆஃப் பண்ணுங்க. பிளவுக்குள்ள ஒட்டியிருக்கிற பழைய நூல் துணுக்குகளை புருவம் எடுக்கிற இடுக்கியால ஒவ்வொண்ணா எடுங்க. சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சுக் காயவிடுங்க. கரிமண்ணும் புழுதியும் இருக்கிற ஊர், இந்த வேலைக்கே பத்து நிமிஷம் ஆகும். சுவிட்ச் பக்கத்துல தண்ணி இறங்காம பார்த்துக்கோங்க.

விறைச்ச ரெக்சினை இழுத்துச் சேர்த்தா கிழியும். ஹேர் டிரையரை தள்ளிப் பிடிச்சு கொஞ்ச நேரம் சூடு காட்டச் சொல்வாங்க. புதூர்ல அந்தச் செலவு எதுக்கு? காலையில பத்து மணிக்கு, தைக்க வேண்டிய கதவு வெயிலைப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் நிறுத்திட்டு, அப்புறம் நிழலுக்கு மாத்திட்டுத் தையுங்க. கெடுத்த வெயிலே உதவியும் செய்யும்.

பிளவோட நீளத்தைப் போல நாலு மடங்கு நூல், அதுக்கு மேல ஒரு சாண். ஒத்தை நூலாவே கோத்துக்கோங்க. ஆரம்பிக்க வேண்டிய இடம் பிளவோட நுனி கிடையாது. அதுக்கு மூணு, நாலு ஓட்டை முன்னாடி, நல்லா இருக்கிற பழைய தையல்மேலயே ஆரம்பிங்க. நூல் நுனியில முடிச்சுப் போட்டு, முடிச்சு உள்பக்கம் ஒளியற மாதிரி ஊசியை உள்ளிருந்து வெளியே கொண்டுவாங்க.

இப்போ ஓர் ஏணியை மனசுல நினைச்சுக்கோங்க. மேல் துண்டோட முதல் ஓட்டையிலிருந்து வெளியே வந்த நூல், நேரா கீழ் துண்டோட முதல் ஓட்டைக்குள்ள போகணும். இது ஏணியோட ஒரு படி. உள்ளே போன ஊசி, அந்தத் துண்டுக்கு அடியிலேயே நகர்ந்து அதே பக்கத்து ரெண்டாவது ஓட்டை வழியா வெளியே வரணும். இது ஏணியோட சட்டம். அங்கிருந்து மறுபடி நேர் எதிரே, மேல் துண்டோட ரெண்டாவது ஓட்டைக்குள்ள. உள்ளேயே நகர்ந்து மூணாவதுல வெளியே. இப்படியே போங்க. எந்த ஓட்டையையும் விடாதீங்க, எதிரெதிர் ஓட்டை மாறிடாதீங்க. ஓர் ஓட்டை தள்ளிப்போனா கடைசியில ஒரு பக்கம் மிச்சம் வந்து முறுக்கிக்கும்.

பொறுமை தேவைப்படுறது இங்கேதான். ஒவ்வொரு தையலையும் அப்பப்போ இறுக்காதீங்க. நாலஞ்சு படி தொளதொளன்னு போட்டுட்டு, ஷூ லேஸை இறுக்கிற மாதிரி முதல் படியிலிருந்து ஒவ்வொண்ணா இழுத்துக்கிட்டே வாங்க. நூலை மேல்நோக்கி இழுக்காம, தையல் போற திசையிலேயே இழுங்க. படிகள் எல்லாம் உள்ளே மறைஞ்சு ரெண்டு ஓரமும் முத்தமிடுற மாதிரி சேரும். முதல் தடவை பார்க்கும்போது மேஜிக் மாதிரிதான் இருக்கும். ஓரங்கள் சேர்ந்ததும் நிறுத்திடுங்க. 'இன்னும் கொஞ்சம்'னு இழுத்தா ரெக்சின் சுருங்கிக் கொசுவம் மாதிரி ஆகிடும்.

முடிவுலயும் நல்ல தையல்மேல மூணு ஓட்டை ஏறி, ரெண்டு ஓட்டை திரும்பி வந்து, உள்ளே முடிச்சுப் போட்டு, ஊசியை ஸ்பாஞ்சுக்குள்ள விட்டு தூரத்துல வெளியே எடுத்து நூலை ஒட்ட வெட்டினா நுனி உள்ளே போயிடும். சிலர் பாலியஸ்டர் நுனியை நெருப்புல உருக்குவாங்க. தீப்பெட்டி ஊர்க்காரங்களுக்கு நெருப்பைப் பத்தி நான் பாடம் எடுக்கப் போறதில்லை. ஆனா கார் கதவு முழுக்க பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும். தீக்குச்சி பக்கத்துல போகவே வேண்டாம்.

மேல்தையல் மட்டும் அறுந்திருந்தா ஏணி தேவையில்லை. ஓர் ஓட்டை முன்னால வெளியே வந்து, ஓர் ஓட்டை பின்னால உள்ளே போற பழைய பின்தையலே போதும். பாட்டி சொல்லிக்கொடுத்த அதேதான். அடியில ஸ்பாஞ்ச் கனமா இருந்தா வளைஞ்ச ஊசி சுலபமா திரும்பும். ஸ்பாஞ்ச் மெல்லிசா, உடனே கெட்டி பிளாஸ்டிக் தட்டுப்பட்டா, டோர் பேடைக் கழற்றாம தைக்க முடியாது.

கழற்றுறது உங்க தைரியத்தைப் பொறுத்தது. ஸ்க்ரூக்கள் கைப்பிடிக்குப் பின்னாலயும் சுவிட்ச் பேனலுக்கு அடியிலயும் ஒளிஞ்சிருக்கும். மீதி பிளாஸ்டிக் கிளிப்கள், வெயில்ல மொறுமொறுன்னு ஆகியிருக்கும். சுவிட்ச் ஒயர், லாக் கேபிள் எல்லாம் பின்னால தொங்கும். சில கார்கள்ல ஏர்பேக்குக்குத் தகவல் கொடுக்கிற சென்சாரே கதவுக்குள்ளதான் இருக்கு. உங்க மாடலோட மேனுவலைப் பார்க்காம கை வைக்காதீங்க.

சீட்டுக்குப் போயிடாதீங்க

கதவுல தையல் நல்லா வந்திருச்சுன்னா அடுத்து கண்ணு சீட் பக்கம் போகும். 'அங்கேயும் ஓரமா பிரிஞ்சிருக்கே, இதே ஏணியைப் போட்டுடலாமே'ன்னு தோணும். நில்லுங்க. முன்சீட்டோட கதவுப் பக்கத்து ஓரத்துல 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்'னு ஆங்கிலத்துல எழுதின சின்ன லேபிள் இருக்கான்னு பாருங்க. ஆறு ஏர்பேக்னு விளம்பரம் பண்ற கார்கள்ல ரெண்டு ஏர்பேக் பொதுவா முன்சீட்டுகளோட ஓரத்துக்குள்ளதான் மடிச்சு வைக்கப்பட்டிருக்கு. பக்கவாட்டுல மோதல் நடந்தா கண்ணிமைக்கிற நேரத்துல அது அந்தத் தையலைக் கிழிச்சிக்கிட்டு வெளியே வரணும். அதுக்காகவே அந்த இடத்துல கணக்குப் பார்த்து, கிழியற மாதிரி தைச்சிருப்பாங்க. அங்கே நீங்க பலமான பாண்டட் பாலியஸ்டர் போட்டு இறுக்கினா, ஏர்பேக் வெளியே வர நேரமாகும், இல்லன்னா வேற பக்கமா வரும். அங்கே பிரிஞ்சிருந்தா கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும். ஏர்பேக் சீட்டுக்குன்னு தைக்காத, ஓரத்தையும் சேர்த்து இறுக்கமா மூடுற சாதாரண சீட் கவருக்கும் இதே எச்சரிக்கைதான். ரொம்பப் பேர் புது கார் வாங்கின அன்னைக்கே அதை மாட்டிடறாங்க.

கடைக்குப் போனா என்ன கேட்கணும்?

ஓட்டைகள் கிழிஞ்சு பல்லு பல்லா இருக்கிற கேஸுக்கு இப்போ வருவோம். பிளவு சின்னதா இருந்தா, உள்பக்கமா ஒரு கெட்டித் துணிப் பட்டையைச் செருகி, காய்ஞ்ச பிறகும் ரப்பர் மாதிரி வளையற பசையால ஒட்டி, அந்தத் துணியையும் சேர்த்துத் தைக்கலாம். பிடிமானத்துக்கு துணி இருக்கும். பிளவு நீளமா இருந்தா ஆர்ம்ரெஸ்ட்டுக்கு மட்டும் புது ரெக்சின் வெட்டித் தைக்கிறதுதான் வழி. கோவில்பட்டியிலயோ அருப்புக்கோட்டையிலயோ சீட் கவர் தைச்சுக் கொடுக்கிற கடைக்குக் கொண்டுபோங்க. பல மாடல்கள்ல ஆர்ம்ரெஸ்ட்டை டோர் பேடோட பிளாஸ்டிக் உருக்கி ஒட்டியிருப்பாங்க. அதைப் பிரிச்சு மறுபடி பொருத்தறது பழகின கைக்குத்தான் வரும்.

போறதுக்கு முன்னாடி பிளவை கிட்டத்துல ஒண்ணு, தள்ளி ஒண்ணுன்னு ரெண்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி விலை கேட்டுடுங்க. நேர்ல போனதும் 'அண்ணே, பழைய ஓட்டையிலேயே தைப்பீங்களா, புதுசா ஓட்டுவீங்களா?'ன்னு கேளுங்க. நூல் பாலியஸ்டரா நைலானான்னு கேளுங்க. டோர் பேடைக் கழற்றினா உடையற கிளிப்புக்குத் தனிக் காசான்னும் கேட்டுடுங்க, பில்லுல திடீர்னு ஏறுறது அதுதான். வேலை முடிஞ்சதும் கடையை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியை ஏத்தி இறக்கிப் பாருங்க. லாக் விழுதா, கதவு ஸ்பீக்கர் பாடுதா, டேஷ்போர்டுல ஏர்பேக் விளக்கு எரியாம இருக்கான்னு பாருங்க.

வீட்ல தைச்சவங்க ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கம் முழங்கையைச் சாய்க்காம ஓட்டுங்க, நூல் சரியா உட்காரட்டும். பளபளப்புக்காக சிலிக்கான் பாலிஷ் போடற பழக்கம் இருந்தா, தையல் வரியை மட்டும் விட்டுட்டுப் போடுங்க. அந்த வழுக்கல்ல கை முடிச்சு நெகிழும். மிச்சமான நூலையும் வளைஞ்ச ஊசியையும் ஒரு காலி தீப்பெட்டிக்குள்ள போட்டு டேஷ்போர்டு பெட்டியில வெச்சிடுங்க. வலது கதவுல தையல் விட்ட கார்ல, பெரும்பாலும் இடது கதவுலயும் ஒரு நூல் தளர ஆரம்பிச்சிருக்கும்.